கரண்டே இல்லாத மெஷின்

பலூன் பட்டென்று வெடித்தது. எட்டாம் வகுப்பு மொத்தமும் ஓவென்று கத்தியது. அந்தக் கூச்சலுக்குள்ளேயே மேசைமேல் கிடந்த செல்போனும் அதிர ஆரம்பித்தது. உத்தமபாளையத்துப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராக இருக்கும் ரம்லத் எட்டிப் பார்த்தாள். அண்ணன் சம்சுதீன். இனி எடுக்காமல் தப்ப முடியாது. ஒரு கையில் போனும், மறுகையில் காகிதத் துணுக்குகள் ஒட்டிய சீப்புமாக வராந்தாவுக்கு வந்தாள்.

“ஹலோ... வ அலைக்கும் சலாம்... கிளாஸ்லதான்ணே இருக்கேன்... ஆமா, பாத்தேன். காலையில இருந்து அடிச்சுக்கிட்டே இருக்கீக... பாத்துட்டுத்தான் எடுக்கல.”

“யாரு வந்திருக்காக?... எஸ்.ஐ.யா? நம்ம வீட்டுக்கா?... மதினி காப்பி போடுதாகளாக்கும். போடட்டும், போடட்டும். மலைச்சாமியண்ணனுக்கு இன்னும் கஞ்சித் தண்ணிகூட எறங்கலையாம்... ஆமா, அண்ணன்னுதான் சொல்லுவேன். ஒங்களுக்கு முன்னாடி சொல்லக்கூடாதா?”

மலைச்சாமி, சம்சுதீனின் அனுமந்தன்பட்டித் திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்ப்பவர். முந்தாநாள் மெஷினை முதுகில் மாட்டிக்கொண்டு, சாம்பல் நோய் பிடித்த கொடிகளுக்குக் கந்தகத் தூள் அடித்துக்கொண்டிருந்தார். பந்தலுக்கடியில் குப்பென்று நீலமாய்த் தீ எழும்பியது. முதுகும் இரண்டு கைகளும் வெந்து இப்போது தேனி பெரிய ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

“என்னது?... நான் எதுக்கு?... அண்ணே, இருங்க, மெதுவாச் சொல்லுங்க. எஸ்.ஐ.கிட்ட நான் என்ன சொல்லணும்?... ம்... பீடி நெருப்பு இல்லாம கந்தகம் பத்தாதுன்னு... ம்... சயின்ஸ்படி பத்தாதுன்னு. அந்த வார்த்தையையும் சேத்துக்கணுமா? சயின்ஸ்படி?”

“சிரிக்கல... சரி, சிரிச்சேன். கணக்கு டீச்சரு தங்கச்சியா இருந்திருந்தா என்ன சொல்லச் சொல்லியிருப்பீகளோன்னு சிரிச்சேன்.”

“புரியுது... புரியுதுண்ணே. நான் சொல்லிட்டா கேசு மலைச்சாமியண்ணன் மேல. சொல்லலைன்னா ஒங்க மேல. அவ்வளவுதானே?... இதுல சுத்தி வளைக்க என்ன இருக்கு.”

“அவுக பீடி குடிச்சதை யாரு பாத்தா?... நீங்களா? நீங்க அன்னிக்குக் கம்பத்துல இருந்தீகளே... சரி, யாரோ பாத்தாக. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. தூள் அடிக்கிறப்ப வாயையும் மூக்கையும் துண்டால இறுக்கிக் கட்டிக்கிட்டுத்தானே அடிப்பாக. பீடியை எங்கன வச்சுக் குடிச்சாக? காதுலயா?”

ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நாலைந்து தலைகள் முளைத்திருந்தன.

“ஏலே, கீழ எறங்குங்க! போய் எடத்துல உக்காருங்க... ஒங்களை இல்லண்ணே, பிள்ளைகளை.”

“தீப்பெட்டியா? எங்கன?... சட்டைப் பையில... எடுத்து பத்திரமா வச்சிருக்கீகளா?... எஸ்.ஐ.கிட்ட காட்டியாச்சா. அல்லாவே! போட்டிருந்த சட்டை கருகித் தோலோட ஒட்டிக்கிச்சு. தீப்பெட்டி மட்டும் இப்பத்தான் மளிகைக் கடையில இருந்து வந்த மாதிரி இருக்கா?... இல்லண்ணே, நான் ஒண்ணும் சொல்லல. எஸ்.ஐ. கேப்பாக, அப்பச் சொல்லிக்கங்க.”

“எப்படிப் பத்துச்சா? அதைத்தான் இங்கன நடத்திக்கிட்டு இருந்தேன். நிலை மின்சாரம். எட்டாம் வகுப்புப் பாடம்... கோவிச்சுக்கிடாதீக, நீங்கதானே கேட்டீக. சீப்பை எண்ணெய் இல்லாத தலையில நாலு இழுப்பு இழுத்துட்டுக் காகிதத்துக்கிட்ட கொண்டுபோனா காகிதம் தாவி வந்து ஒட்டிக்குது. ஒரசுறதுல மின்சாரம் ஏறுது. ஒயரும் வேண்டாம், கரண்டு ஆபீசும் வேண்டாம்... கேளுங்கண்ணே, கொஞ்சம் கேளுங்க. ஒங்க மெஷின்ல பிளாஸ்டிக் குழாய். அதுக்குள்ள தூளு காத்தோட ஒரசிக்கிட்டுப் பறக்குது. குழாய்லயும் ஏறும், தூள்லயும் ஏறும். ‘தூளு சும்மா பசை போட்ட மாதிரி எலையில அப்பிக்கிதே’ன்னு சந்தோசப்பட்டீகள்ல, அதுவும் இந்த வேலைதான். மின்சாரம் ஏறுன தூளை எலை இழுக்குது.”

“இப்பத்தான் விசயமே வருது. ஏறுனது எறங்க வழி வேணும். மண்ணுக்கு எறங்கிட்டா ஒரு பொல்லாப்பும் இல்ல. எறங்க விடலைன்னா சேந்துக்கிட்டே போயி ஒரு எடத்துல சுள்ளுன்னு தாவும். தாவுறப்ப பொறி. சுத்திலும் காத்துல கந்தகத் தூளு. பீடி எதுக்குண்ணே? அந்தப் பொறி போதாதா?”

யாருக்கோ சர்க்கரை போதுமா என்று கேட்கிற மதினியின் குரல்தான் போனில் தூரமாய்க் கேட்டது.

“தீப்பிடிக்கிறதுக்கு முந்தியே மலைச்சாமியண்ணன் ஒங்ககிட்ட வந்து சொன்னாகள்ல, சுருக்கு சுருக்குன்னு அடிக்குதுன்னு?... நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்க. நானும் அங்கனதான் நின்னேன். நீங்க என்ன சொன்னீக? ‘கரண்டே இல்லாத மெஷின்ல ஷாக்கடிக்குதாம், குடிச்சது இன்னும் எறங்கல போலருக்கு’ன்னு சொன்னீக. தோட்டமே சிரிச்சுச்சு. சங்கிலி இருக்கான்னு ஒங்ககிட்ட கேட்டேன். ‘இருக்கு, இருக்கு, நீ போய்ப் பாடம் நடத்து’ன்னீக.”

“எந்தச் சங்கிலியா?... சரியாப் போச்சு. சங்கிலியே வரலையா? மெஷின் வாங்குன அன்னிக்கு நானும்தானே கடைக்கு வந்தேன். குழாயில இருந்து தொங்குன சங்கிலியைத் தூக்கிக் காட்டி, இது தரையில இழுபட்டுக்கிட்டே வரணும், இது வழியாத்தான் எறங்கும்னு அந்தக் கடைக்காரரு சொல்லலையா? ‘நல்லாத்தான் வாலு வச்சிருக்கான்’னு நீங்கதானே சொன்னீக... ம், வந்துச்சா? இப்பத்தான் வரலைன்னீக... பந்தல் கல்லுக்கால்ல மாட்டுது, தண்ணிக் குழாயை இழுக்குதுன்னு... கழட்டலையா? கழட்டாம எங்க போச்சு?... உருகிப் போச்சா! சரிதான். இரும்புச் சங்கிலி உருகிப் போச்சு, காகிதத் தீப்பெட்டி உருகல. இதையும் நான் சயின்ஸ்படி சொல்லணுமாண்ணே?”

“சத்தம் போடாதீக, பக்கத்து ரூம்ல எஸ்.ஐ. இருக்காக... வெளிய வந்துட்டீகளா. சரி, அப்ப நல்லாப் போடுங்க.”

ரம்லத் போனை மறுகாதுக்கு மாற்றினாள். வகுப்பின் வாசல்படியில் மலைச்சாமியின் மகள் முத்துமாரி நின்றிருந்தாள். அம்மா அன்னத்தாய் ஆஸ்பத்திரியில்; ஆளில்லாத வீட்டில் தனியாக இருக்கப் பயந்து பள்ளிக்கூடம் வந்த பிள்ளை.

“நீ உள்ள போ ஆத்தா. வந்து சொல்றேன்... அண்ணே, இந்தா நிக்கிறது யாரு தெரியுமா? மலைச்சாமியண்ணன் மக... ஆமா, எங்கிட்டதான் படிக்குது. பலூனைத் துணியில ஒரசிக் காட்டிக்கிட்டு இருக்கேன், எந்திரிச்சுக் கேக்குது, ‘டீச்சர், கரண்டே இல்லாத மெஷின்ல ஷாக்கடிக்குமா? எங்கப்பா பொய் சொல்லலையா?’ன்னு. கையில இருந்த பலூனை அமுக்கிட்டேன் போல. வெடிச்சிருச்சு. இன்னும் பதில் சொல்லல.”

“ஆமா... ஆமா, அத்தா மவுத்தாகி அடக்கம் பண்ணின பெறகு நீங்கதான் படிக்க வச்சீக... ஆமா, ஆஸ்டல்ல சேத்துவிட்டது நீங்கதான்... ஆமாண்ணே, ஆமா. நான் எப்ப மறந்தேன்? ஆனா இதுக்குத்தான் படிக்க வைக்கிறேன்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீகன்னா, நான் கூடையை எடுத்துக்கிட்டுத் திராட்சை பறிக்கவே வந்திருப்பேனே.”

“எங்க வீட்டுக்காரருட்ட பேசுவீகளா? பேசுங்க... வாசப்படி மிதிக்கக் கூடாதா?... சரி... பெருநாளைக்கும் வரக்கூடாதா... சரிண்ணே. இதெல்லாம் மதினிகிட்டயும் சொல்லீருங்க, அவுக பாட்டுக்கு எனக்குக் கறி எடுத்து வச்சுறாம.”

“கூலிக்கு வந்தவரா? கூலிக்கு வந்தவருதான். இனி யாரு கூலிக்குக் கூப்பிடுவா? கை ரெண்டும் போச்சு. நெருப்பு வச்சவருன்னு பேரும் சேந்துச்சுன்னா அன்னத்தாயையும் ஒரு தோட்டத்துல சேத்துக்க மாட்டாக. ஆஸ்பத்திரியில இருந்து வெளிய வந்தா நேரா கோர்ட்டுக்குப் போகணும். அந்தக் கையோட... நீங்க வக்கீல் வச்சுக்கிடலாம்ணே. அவுக எதை வைப்பாக?”

மறுமுனையில் ஏதோ கத்தியது. நீளமாய், அடித்தொண்டையிலிருந்து.

“அது என்ன சத்தம்?... ஆடா. பெருநாளைக்குக் குர்பானி குடுக்க வாங்குன குட்டிதானே? கயித்தைக் கயித்தைக் கடிச்சு அத்துக்கிட்டுத் தெருவெல்லாம் சுத்துமே... இப்ப ஓடுறதில்லையா?... கெட்டியாக் கட்டிப் போட்டாச்சா. போன வெள்ளிக்கிழமை வந்தப்ப பாத்தேன், கொய்யா மரத்தடியில நின்னுச்சு. அங்கனயேதான் நிக்குதா?... ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன். தண்ணி வையுங்க, தாகத்துல கத்துது.”

சீப்பிலிருந்த ஒரு துணுக்கை விரலால் சுண்டினாள். அது விழவில்லை. விரலுக்கு வந்து ஒட்டிக்கொண்டது. கையை உதறினாள்; அப்புறமும் ஒட்டிக்கொண்டேதான் இருந்தது.

“எஸ்.ஐ. கூப்பிடுறாகளா?... எங்கிட்ட பேசணுமாமா... ம்... ம்... அழுகாதீகண்ணே. நீங்க அழுதா எனக்கு... வேண்டாம், அழுகாதீக. நீங்க அன்னிக்கே, ‘கழட்டினது நான்தான், தெரியாம கழட்டிட்டேன்’னு சொல்லியிருந்தா நானும் ஒங்க பக்கத்துல வந்து நின்னுருப்பேன். தீப்பெட்டியை எடுத்துவச்ச பெறகு எங்க வந்து நிக்கிறது?”

“சரி. குடுங்க... ஆமா, பேசுறேன்... ஆமாண்ணே, சயின்ஸ்படியே பேசுறேன். போனைக் குடுங்க.”

முத்துமாரி உள்ளே போயிருக்கவில்லை. கதவு நிலையைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள். ரம்லத் அவளைப் போகச் சொல்லவில்லை.

“வணக்கம் சார். ரம்லத் பேசுறேன்... ஆமா சார், சொந்தத் தங்கச்சிதான்... ஆமா, சயின்ஸ் டீச்சர்... சொல்றேன் சார், எல்லாம் வெவரமாச் சொல்றேன். தேவைன்னா ஸ்டேஷனுக்கு வந்து எழுதியும் குடுக்கிறேன். அதுக்கு முன்னால ஒண்ணு. நீங்க இருக்கிற எடத்துல இருந்து கொல்லைப்பக்கம் திரும்பினா ஒரு கொய்யா மரம் தெரியும்... தெரியுதா?... ஆமா சார், ஆட்டுக்குட்டிதான். அதை யாரும் அவுக்கிறதுக்கு முன்னாடி கிட்டப் போய்ப் பாருங்க... அது கழுத்துல கெடக்கிறதுதான் சார் அந்த மெஷினோட சங்கிலி.”