கடைக்காரிக்குக் காய்ச்சல்

ஹெட்மாஸ்டர்: நாடகத்துக் கடைக்காரிக்குக் காய்ச்சல்னு இப்ப வந்து சொல்றீங்களேம்மா. ஸ்கூலைப் பாக்க வர்ற கல்வி அதிகாரி கிளம்பிட்டாராம்.

டீச்சர்: காய்ச்சல் என்னைக் கேட்டுட்டா வந்துச்சு, சார்...

ஹெட்மாஸ்டர்: வேற பொண்ணை நிறுத்துங்க. என்ன பெரிய வசனம். வாங்க, என்ன வேணும், இவ்ளோ விலை. ஒரு மாசமா ஏழாம் வகுப்பு முழுக்க இங்கிலீஷ்ல இதைத்தானே கத்திக்கிட்டிருக்கு.

டீச்சர்: அவங்கவங்க வரியைத்தான் கத்துச்சுங்க. வாங்க வர்றவனுக்கு வாங்கத்தான் தெரியும்.

ஹெட்மாஸ்டர்: மத்தது காதுல விழுந்திருக்கும்ல.

டீச்சர்: காலைல கடைக்காரி இல்லாமலே ஒத்திகை விட்டுப் பார்த்தேன். பையன் வந்தான், ஆப்பிள் என்ன விலைன்னு கேட்டான். கடைல ஆளே இல்ல. வராத பதிலுக்கு ஒரு தேங்க் யூ சொல்லிட்டு, அடுத்து வர்ற பாட்டைப் பாட ஆரம்பிச்சுட்டான்.

ஹெட்மாஸ்டர்: சிரிக்காதீங்க. இப்ப என்ன செய்யிறது?

டீச்சர்: அதான் சொல்றேன்... என் வழியில விடுங்க.

ஹெட்மாஸ்டர்: எது, அந்தச் சண்டையா?

டீச்சர்: ஆமா. ஜன்னலோர இடம் யாருக்குன்னு இங்கிலீஷ்லயே அடிச்சுக்கச் சொன்னேன். வருகைப் பதிவுக்குக்கூட வாயைத் திறக்காத பொண்ணு எந்திரிச்சு நின்னு நியாயம் கேட்டா, சார்.

ஹெட்மாஸ்டர்: வராந்தாவுல நின்னு நானும் கேட்டேன். பத்து வார்த்தைல எட்டு தப்பு.

டீச்சர்: மிச்சம் ரெண்டு இருக்குல்ல. அது அவளோட சொந்த ரெண்டு.

ஹெட்மாஸ்டர்: அதிகாரி முன்னாடி உளறினா மானம் போறது எனக்கு.

டீச்சர்: எங்க வீட்ல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆள் நான். ஸ்கூல்ல நானும் இப்படித்தான் ஒப்பிச்சேன், கப்பெல்லாம் வாங்கினேன். காலேஜ்ல ஒருத்தி பேரைக் கேட்டா, சொன்னேன். அடுத்து என்னமோ கேட்டா... அது நான் படிச்ச வசனத்துல இல்ல. முழிச்சேன். சிரிச்சாங்க. அப்புறம் மூணு வருஷம் நான் வாயே திறக்கல. இதுங்களும் அப்படியே போகணுமா?

ஹெட்மாஸ்டர்: உணர்ச்சிவசப்படாதீங்கம்மா. நீங்க இன்னும் தற்காலிகம்தான். இன்னைக்கு அவர் என்ன எழுதுறாரோ, அதை வச்சுத்தான் உங்க வேலை.

டீச்சர்: மிரட்டுறீங்களா?

ஹெட்மாஸ்டர்: ஞாபகப்படுத்துறேன். பேசாம நீங்களே கடைக்காரியா நில்லுங்க.

டீச்சர்: பி.எட். முடிச்சது ஆப்பிள் விக்கவா... முடியாது சார். அவர் வரட்டும். தோணுறதைக் கேக்கட்டும். புள்ளைங்க தோணுறதைச் சொல்லட்டும். என் வேலை போனா போகட்டும்.

ஹெட்மாஸ்டர்: ஐயையோ... அது மட்டும் கூடாது.

டீச்சர்: ஏன்? புள்ளைங்களுக்கு நான் பொறுப்பு.

ஹெட்மாஸ்டர்: புள்ளைங்களை நினைச்சு யாரு பயந்தா?

டீச்சர்: பின்ன?

ஹெட்மாஸ்டர்: அந்தக் கதவைச் சாத்துங்க... சொல்றேன். கடைசில அந்த அதிகாரியே கடைக்கு வந்து ஆப்பிள் கேக்குறதா ஏற்பாடு. போன வாரமே வசனத்துல ஒரு காப்பி அவருக்கும் குடுத்தாச்சு. நேத்துதான், பாவம், போன்ல எனக்குத் தட்டுத்தடுமாறி ஒப்பிச்சுக் காமிச்சாரு. உங்க புள்ளைங்க பாட்டுக்குத் தோணுறதைச் சொல்லிட்டா, அந்த மனுஷன் எங்கம்மா போவாரு?