மூன்றாம் பாகத்தில் தொடங்குங்கள்

இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்க வருகிறவர்கள் செய்கிற முதல் தவறு, முதல் பாகத்தில் தொடங்குவது. இங்கே மேஜைமேல் கிடந்ததை நீங்களும் எடுத்துப் பார்த்தீர்கள் மேடம், நான் கவனித்தேன். இரண்டு பக்கம் புரட்டினீர்கள், முகம் சுளித்தீர்கள், வைத்துவிட்டீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. முதல் பாகத்தில் வம்சாவளியைத் தவிர ஒன்றும் கிடையாது. யார் யாருக்குப் பிறந்தார்கள், யார் எந்தக் கோட்டைக்கு வாக்கப்பட்டுப் போனார்கள் என்றே போகும். கடல் பின்வாங்கிப் போகிற காலை மூன்றாம் பாகத்தில்தான் வருகிறது. துறைமுகத்துக் கப்பல்கள் எல்லாம் சேற்றில் சாய்ந்து கிடக்கின்றன. ஒரு படகோட்டி துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு, போன கடலைத் தேடி நடக்க ஆரம்பிக்கிறான். அதைப் படித்தவன் ஒன்பது பாகத்தையும் முடிக்காமல் விடமாட்டான். மூன்று, நான்கு, அதற்கப்புறம் ஒன்று, இரண்டு, பிறகு ஐந்திலிருந்து வரிசையாக. இதுதான் முறை.

நீங்கள் கேட்டது இது இல்லை. என் மனைவியின் கண்ணைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன். ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றைச் சொன்னால், நான் ஏதோ கெட்டவன் போலத் தெரியும்.

நான் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கல்லாவுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பாகத்தை விரித்துக் கவிழ்த்து வைத்திருப்பேன். பேச்சு கொடுக்கிறவர்களிடம் கதையைச் சொல்வேன். என் மனைவி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "இருமலுக்கு மருந்து கேட்டு வந்தவனுக்கு இளவரசன் கதையைச் சொல்லி அனுப்பியிருக்கீங்க. பாவம், அவன் இருமிக்கிட்டே கேட்டிருப்பான்." அவளுடைய தங்கை வந்தால் இரண்டு பேருமாகச் சேர்ந்துகொள்வார்கள். என் தொடருக்கு அவர்கள் வைத்த பெயர் குதிரைப் புத்தகம். அட்டையில் குதிரை இருந்ததுதான் காரணம்.

கல்யாணமான புதிதில் அவளுக்காக ஒரு வழிகாட்டியே எழுதிக் கொடுத்தேன். எந்தப் பாகம் முதலில், யாரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், யாரை மறந்துவிடலாம், எங்கே சலிப்புத் தட்டும், எத்தனை பக்கம் பொறுத்துக்கொண்டால் தாண்டிவிடலாம் என்று தெளிவாக. "படிக்கிறேங்க" என்றாள். அதற்குப் பிறகு கேட்கும்போதெல்லாம் "படிக்கிறேங்க, இப்ப வேலை இருக்கு" என்றாள். பதினெட்டு வருடம் அவளுக்கு வேலை இருந்தது.

பெயின்ட் கடையில் நிறம் கலக்கிற வேலை அவளுக்கு. சுவரில் பெயர்ந்த காரைத் துண்டைக் கொண்டுவந்து நீட்டுவார்கள், அதே நிறத்தை அவள் கலந்து கொடுப்பாள். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பேச்சுதான். எதிர்வீட்டுக் கதவு வெளுத்துவிட்டது, இன்றைக்கு வந்த ஆள் பழுப்பைச் சாம்பல் என்று அடித்துப் பேசினான், இப்படி. நான் கேட்டுக்கொள்வேன். ஒரு நாள்கூட "சும்மா இரு" என்று சொன்னதில்லை. அவளை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை, கை ஓங்கியதில்லை. அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

விபத்துக்கு நான் பொறுப்பில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் கடையில் பழைய பெயின்ட்டைக் கரைத்தெடுக்கிற திரவம் மேல்தட்டிலிருந்து சரிந்து அவள் முகத்தில் கொட்டியது. இடது கண் அவளுக்குச் சிறுவயதிலிருந்தே சரியில்லை, வெளிச்சம் தெரியும், அவ்வளவுதான். கொட்டியது வலது கண்ணில். செய்தி வந்ததும் கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓடினேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதேன். அந்த அழுகை உண்மை.

கருவிழியை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றார் டாக்டர். இறந்துபோன யாரோ ஒருவரின் கருவிழியை எடுத்துத் தைத்தார்கள். நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஆபரேஷன் பாதிதாங்க. மீதி இந்தச் சொட்டு மருந்துலதான் இருக்கு. மாசக்கணக்கா விடணும். நின்னுபோச்சுன்னா, உடம்பு அந்தக் கருவிழியை வேத்தாள்னு நினைச்சு வெளிய தள்ளப் பார்க்கும். நான் யார்கிட்டச் சொல்லிட்டிருக்கேன், உங்களுக்குத் தெரியாததா?" என்று சிரித்தார். தெரியும். அந்த மருந்தை நான் வருடக்கணக்காக விற்றிருக்கிறேன்.

கண்ணுக்கு வேலை கொடுக்கக் கூடாது, டிவி கூடாது, போன் கூடாது என்றிருந்தார்கள். அவளும் எத்தனை நேரம்தான் கூரையைப் பார்த்தபடி கிடப்பாள்? "ஏதாவது படிச்சுக் காட்டட்டுமா?" என்றேன். "என்னங்க, குதிரைப் புத்தகமா?" என்றாள். நான் அலமாரிப் பக்கம் போனேன். "சரி, படிங்க" என்றாள்.

மூன்றாம் பாகத்தை எடுத்தேன்.

அந்த நாட்களை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கடையை உதவியாளரிடம் விட்டுவிட்டு மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுவேன். அவளுக்குச் சோறு பிசைந்து கொடுப்பேன், தலை வாரிவிடுவேன், நேரம் தவறாமல் மருந்து விடுவேன். அப்புறம் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டு படிப்பேன். ஊமை ராணிக்கு ஒரு குரல், படகோட்டிக்கு ஒரு குரல். ஊமை ராணிக்கு எப்படிக் குரல் என்று அவளும் கேட்டாள். நினைப்புகளுக்கு ஒரு குரல் வேண்டாமா? அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். இடையில் எழுந்து போக மாட்டாள். அடுப்பில் ஏதோ வைத்திருக்கிறேன் என்று சொல்ல மாட்டாள். நான் சொல்வதை ஒரு மனுஷி முழுதாகக் கேட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கண்ணுக்குக் கண்ணாகப் பார்த்துக்கொண்டேன் மேடம். அந்த மாதங்களில் எங்கள் வீட்டைப் போல நிம்மதியான வீடு எங்கள் தெருவில் இருந்திருக்காது.

நான்காம் பாகம் முடிகிற சமயம். நான் படித்துக்கொண்டிருக்கும்போதே அவள் எழுந்து உட்கார்ந்தாள். "என்னங்க, ஜன்னல் திரை தெரியுது. அது நீலமில்ல, கொஞ்சம் பச்சை கலந்திருக்கு. நான்தானே வாங்குனேன், இவ்வளவு நாள் நீலம்னே நினைச்சிட்டிருந்தேன்." சிரித்தாள். என் சட்டைப் பொத்தானைத் தொட்டு, அது எந்த நிறம் என்று சொன்னாள். எழுந்து சுவர் சுவராகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். "அடுத்த வாரம் கடைக்குப் போய்ச் சும்மாவாவது உட்கார்ந்துட்டு வரேன்" என்றாள்.

"கதை?" என்றேன்.

"அது எங்க போகப்போகுது. பொறுமையாப் பார்க்கலாங்க."

பொறுமையாக என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். பதினெட்டு வருடம் கேட்ட "இப்ப வேலை இருக்கு"தான் அது. நான்கில் நிறுத்தியவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. என் அனுபவத்தில் சொல்கிறேன். இந்தத் தொடரில் நான்காம் பாகம்தான் கண்டம். அங்கே ஒரு கை பிடித்து இழுத்துத் தாண்டவைக்க வேண்டும். ஐந்துக்கு வந்துவிட்டால் அப்புறம் கவலையில்லை.

மறுநாள் என் கடையில் வைத்து அவளுடைய சொட்டு மருந்துப் புட்டியைக் காலி செய்தேன். கழுவினேன். கண் உலர்வதற்குப் போடுகிற சாதாரணச் சொட்டு மருந்தை அதில் ஊற்றினேன். அது யாருக்கும் கெடுதல் செய்யாத மருந்து. நான் விஷம் எதையும் அவள் கண்ணில் விடவில்லை. விட வேண்டியதை விடவில்லை, அவ்வளவுதான். இரண்டும் ஒன்றா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

உண்மையான மருந்து பால் போல வெள்ளையாக இருக்கும், குலுக்கிவிட்டுத்தான் விட வேண்டும். இது தண்ணீர் போல இருக்கும், குலுக்கத் தேவையில்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அவள் காதருகே வைத்துக் குலுக்கிவிட்டுத்தான் விட்டேன். செய்கிற காரியத்தை அரைகுறையாகச் செய்வது என் பழக்கமில்லை.

கண் சிவந்தது. வெளிச்சம் கூசியது. திரையை இழுத்து மூடச் சொன்னாள். டாக்டரிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன், மறைக்கவில்லை. அவர் பார்த்துவிட்டுக் கவலைப்பட்டார். "நேரம் தவறாம விடுறீங்கல்ல?" என்றார். "நான் மருந்துக்கடைக்காரன் டாக்டர்" என்றேன். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். மணிக்கு ஒரு தடவை விடுங்கள் என்று கூட்டிக் கொடுத்தார். நானும் கூட்டினேன். மணிக்கு ஒரு தடவை குலுக்கினேன், விட்டேன், படித்தேன். ஒன்றும் இரண்டும் முடிந்து, ஐந்தாம் பாகமும் முடிந்தது.

அவள் அழுவாள். ராத்திரி தூங்காமல் கிடந்துவிட்டுக் காலையில், "பனி மாதிரி இருக்குங்க, கை வெச்சுத் துடைக்கலாம்போல இருக்கு" என்பாள். எனக்குக் கஷ்டமாக இல்லையா என்று கேட்கிறீர்கள். இருந்தது. ஒன்பதாம் பாகம் முடிந்ததும் உண்மையான மருந்தைத் தொடங்கிவிடலாம் என்று வைத்திருந்தேன். அதற்குள் காலம் கடந்துவிடும் என்று மருந்துக்கடைக்காரனான எனக்குத் தெரியாதா என்றும் கேட்பீர்கள். தெரியும். இரண்டையும் ஒரே மனசில் வைத்திருக்க முடியும் மேடம். ஊமை ராணி ஆறு பாகம் அப்படித்தான் இருக்கிறாள்.

ஆறாம் பாகத்தின் நடுவில் ஒரு நாள் அவள் கேட்டாள்: "என்னங்க, முன்னெல்லாம் மருந்து விட்டா கொஞ்ச நேரத்துல தொண்டையில கசக்குமே. இப்பக் கசக்கலையே."

"கம்பெனியை மாத்திட்டாங்க" என்றேன்.

"ஓ" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்திருந்தாள். அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள், ஞாயிறுதான் லீவு. அவள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் அத்தியாயத்தை முடித்துவிட்டு அடையாளம் வைக்கப் போனேன். அப்போது என் மனைவி சொன்னாள், "மேல படிங்க."

இத்தனை மாதத்தில் அவளாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. "நிஜமாவா?" என்றேன். "படிங்க. அந்தப் பாலத்துச் சண்டை எப்படி முடியுதுன்னு தெரியணும். நல்லா சத்தமாப் படிங்க." படித்தேன். சத்தமாகவே படித்தேன். தங்கை நடுவில் எட்டிப் பார்த்து, "மாமா, பால் வாங்கிட்டு வரேன்" என்றாள். கையை ஆட்டி அனுப்பினேன். மணிக்கொரு தடவை விடுகிற மருந்தைக்கூட மறந்து சாயங்காலம்வரை படித்தேன். அவள் என் பக்கம் முகத்தைத் திருப்பி, உதடு லேசாகத் திறந்திருக்க, ஒரு சொல் விடாமல் கேட்டாள்.

தங்கை பால் வாங்கப் போகவில்லை. புட்டியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். என் மனைவி என்னைப் பேச்சில் பிடித்துவைத்துக்கொண்டாள் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன். அது கதை கேட்கிற முகம்.

ஆக, உங்கள் கேள்விக்குப் பதில்: ஆமாம். நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன். யாரும் தூண்டவில்லை, புத்தி பேதலிக்கவில்லை. அந்தக் கருவிழி இனித் தெளியாது, மறுபடி தைத்தாலும் நம்பிக்கை குறைவு என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததைப் படித்தேன். மறுக்கவில்லை. வருத்தப்படுகிறேன் என்று எழுதச் சொல்கிறார் என் வக்கீல். அதை மட்டும் எழுத மாட்டேன். ஒரு கண்ணுக்குப் பதிலாக அவளுக்கு நான் கொடுத்தது ஒரு முழு உலகம். அதை எடைபோட்டுப் பார்க்க அந்த ஒன்பது பாகத்தையும் படித்த நீதிபதி ஒருவர் வேண்டும்.

நேற்று அவள் இங்கே வந்தாளே, தங்கை கையைப் பிடித்துக்கொண்டு. நீங்களும் அறையில் இருந்தீர்கள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தீர்கள், நானும்தான். அவள் நாற்காலியின் முதுகைத் தடவி உட்கார்ந்தாள். சொன்னாள்:

"கல்யாணமான வருஷமே நான் ஒம்போதையும் படிச்சுட்டேங்க. நீங்க கடைக்குப் போனப்புறம் உட்கார்ந்து படிப்பேன். நீங்க ஆசைப்பட்டீங்களேன்னுதான் படிச்சேன். எனக்குப் பிடிக்கல. அதைச் சொன்னா மனசு ஒடிஞ்சுபோவீங்க. பிடிச்சுதுன்னு சொன்னா வாழ்க்கை பூரா அதையே பேசிட்டிருப்பீங்க. அதான் படிக்கலைன்னே இருந்துட்டேன்."

தங்கை சொல்லிக்கொடுத்துப் பேசுகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் அதையும் தெரிந்துகொண்டவள் போல, "ஆறாவதுல நடுவுல கொஞ்சம் பக்கம் ரெண்டு தடவை அச்சாகியிருக்கும். போன மாசம் படிச்சுக் காட்டும்போது நீங்க மூச்சு விடாம அந்தத் தாளையெல்லாம் தள்ளிட்டுப் போனீங்க. எனக்குத் தெரிஞ்சுது. கடைசியில ராணி வாய் திறக்க மாட்டா, எட்டாவதுல படகோட்டி செத்துருவான், கடல் வராது. எல்லாம் தெரியுங்க எனக்கு" என்றாள். எழுந்துகொண்டாள். வாசல்படி எங்கே என்று தங்கையிடம் கேட்டாள். போய்விட்டாள்.

நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் உடைந்துபோவேன் என்று காத்திருந்தீர்கள் போலிருக்கிறது. ராத்திரி முழுக்க அதைத்தான் யோசித்தேன். அவள் பொய் சொல்லவில்லை. படித்திருக்கிறாள். ஆனால் எட்டாம் பாகத்தில் படகோட்டி சாவதில்லை மேடம். வறண்ட கடலின் நடுவில் நின்று, நின்றபடியே உப்பாக மாறுகிறான். அவசர அவசரமாகப் படிக்கிறவர்கள் எல்லோரும் அதைச் சாவு என்றுதான் நினைத்துக்கொள்கிறார்கள். அவளும் அப்போது கண்ணால் படித்தவள்தானே, வேறென்ன தெரியும். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, நிதானமாகப் படித்துக் காட்டியிருக்க வேண்டும்.