பன்னிரண்டாவது பேர்

மத்தியானம் பன்னிரண்டரை மணி. இரவில்லை, வடிவாக் கேளுங்கோ... பட்டப்பகல். தண்ணீரூற்றுப் பக்கத்தில இருந்து காட்டுக்குள்ள பிரியிற கிறவல் றோட்டு. ஒரு குருவிச் சத்தம் கூட இல்லை. அந்த றோட்டு முடியிற இடத்தில ஒரு வேதக்கோயில், மாதா கோயில். ஊர்ப் பேர் சொல்லமாட்டன். அங்க இன்னும் சனம் இருக்கு.

இது நடந்தது என்ர கூட்டாளி பழனியாண்டியின்ர தாய்மாமனுக்கு. பேர் வீரையா. எழுபத்தேழுக் கலவரத்தோட தேயிலைத் தோட்டத்தை விட்டிட்டு வந்து ஒட்டுசுட்டானில குடியிருந்த மனுசன். கல்லு வேலை. உளி பிடிச்சா எழுத்து அச்சு மாதிரி விழும். ஆனா வாசிக்கத் தெரியாது. ஆரும் வெண்கட்டியால எழுதிக் குடுத்தா, அந்தக் கோட்டிலயே வெட்டிக்கொண்டு போவார்.

எண்பத்தாறாம் ஆண்டு. முந்தின வருசம் அந்த ஊரை ஆமி சுத்தி வளைச்சதில பதினொரு பேர் செத்துப் போச்சினம். கோயில் வளவுக்குள்ள அவைக்கு ஒரு நினைவுக்கல்லு வைக்கிறதெண்டு சனம் முடிவெடுத்து வீரையாவைக் கூப்பிட்டுது.

ஆனா பன்னிரண்டாவதா ஒராள் இருந்தார். மனுவேல். அண்டைக்குக் காணாமப் போனவர். பிரேதம் கிடைக்கேல்லை. அவற்ர மனிசி திரேசம்மா வந்து கல்லுக்கு முன்னால நிண்டிட்டாவாம்.

"சுவாமி, என்ர மனுசன்ர பேர் இதில விழக்கூடாது. விழுந்தா, செத்துப்போனார் எண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரி."

கோயில் சுவாமியார், "சரி பிள்ளை... பதினொண்டுதான்" எண்டார். பதினொரு பேரையும் தானே கல்லில எழுதிக் குடுத்தார். திரேசம்மா நம்பேல்லை. ஒவ்வொரு நாளும் பின்னேரம் வந்து, வெட்டின பேரெல்லாம் வாசிச்சுப் பாத்திட்டுத்தான் வீட்டுக்குப் போவாவாம்.

மூண்டாம் நாள், அந்த மத்தியானம். பத்துப் பேர் முடிஞ்சுது. சுவாமியார் முல்லைத்தீவுக்குப் போட்டார். வளவில வீரையா மட்டும். கல்லை ரெண்டு மரக்குத்தியில படுக்க வைச்சு வெட்டுறார். டொக்... டொக்... டொக்...

உளியை நிப்பாட்டினார். ஆனா ஒரு சத்தம் நிக்கேல்லை.

கிறீச்... கிறீச்...

வெண்கட்டி கல்லில உரசுற சத்தம்.

நிமிந்து பாத்தா, கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் குனிஞ்சு நிண்டு எழுதுறான். இடுப்பில சாரம். மேல் வெறும் மேல். முழங்கை வரைக்கும் சேறு. அந்த வெயிலுக்குள்ள... ஈரச்சேறு. கிணறு இறைக்கேக்க அடியில இருந்து வருமே ஒரு மணம், அது மூக்கில அடிச்சுதாம்.

"யாருங்க?"

ஆள் நிமிரேல்லை.

"இதையும் வெட்டிவிடு அண்ணை. மனிசி பாவம். எத்தினை நாளைக்கெண்டு பாத்துக்கொண்டிருப்பா?"

பக்கத்தில நிக்கிற ஆளின்ர குரல் மாதிரி இல்லையாம். பெரிய பானைக்குள்ள தலையை விட்டுக் கதைக்கிற மாதிரி. சொல்லிப்போட்டு ஆள் கோயிலுக்குப் பின்னால, பத்தைக்காட்டுப் பக்கம் நடந்து போச்சு.

கோயில் ஆள் ஆரோ எண்டு வீரையா நினைச்சிட்டார். பதினோராவது பேரை முடிச்சார். பன்னிரண்டாவதில உளியை வைச்சார். அப்பதான் ஒண்டு விளங்கிச்சுது... கல்லு முழுக்கக் கையைப் பொசுக்குது. அந்த ஒரு பேர் எழுதின இடம் மட்டும் ஜில்லெண்டு கிடக்குது. பயந்து போனார். எண்டாலும் கை நிக்கேல்லையாம். வெட்டிக்கொண்டே இருந்தார்.

கடைசி எழுத்து மிச்சம் கிடக்கேக்க திரேசம்மா வந்திட்டா. வாசிச்சா. வீரையான்ர கையைப் பிடிச்சு உலுப்பினா.

"ஆர்? ஆர் உன்னை வெட்டச் சொன்னது?"

வீரையா வாய் திறக்க முதல் அவவே நிண்டிட்டா. வெட்டாம வெண்கட்டியில கிடந்த கடைசி எழுத்தைக் குனிஞ்சு பாத்தா. விரலால தொட்டா.

"இது... அவற்ர எழுத்தெல்லே."

ஞாயிற்றுக்கிழமைகளில பாட்டு நம்பரும் பாட்டின்ர முதல் வரியும் கோயில் பலகையில எழுதிறது மனுவேல்தான். பத்து வருசமாப் பாத்த எழுத்து. அவவுக்குப் பிழைக்குமே?

"ஆள் எங்க போனது? சொல்லு! உயிரோட இருக்கிறார்... என்ர மாதாவே, உயிரோட இருக்கிறார்!"

வீரையா பத்தைக்காட்டுப் பக்கம் கையைக் காட்ட, சிரிச்சுக்கொண்டு ஓடினாவாம். அந்தச் சிரிப்பைத்தான் தன்னால மறக்கேலாமக் கிடக்கெண்டு வீரையா சொல்லுவார். அவரும் பின்னால ஓடினார். பத்தை, முள்ளு, ஒண்டும் பாக்காம அவ கூப்பிட்டுக்கொண்டு போறா.

"இஞ்சேருங்கோ... இஞ்சேருங்கோ..."

"ம்ம்."

ரெண்டு பேருக்கும் கேட்டுது. பத்தைக்குள்ள இருந்தில்லை. காலுக்குக் கீழ இருந்து.

முள்ளை விலக்கினா, ஒரு பாழ்க்கிணறு. திரேசம்மா அதுக்குள்ள குனிஞ்சு கூப்பிட்டுக்கொண்டே இருந்தா. பிறகு ஒரு பதிலும் வரேல்லை. இருட்டுப்பட்டுப் போச்சு. அவவை அந்த இடத்தில இருந்து எழுப்ப நாலு பொம்பிளையள் தேவைப்பட்டிச்சினம்.

அடுத்த நாள் காலமை சுவாமியார் வந்து ஆள் எடுப்பிச்சார். அப்புத்துரை எண்டு கனகராயன்குளத்துக் கிணறு வெட்டுறவர். அந்த ஊரில ஒருத்தரையும் தெரியாத மனுசன். இடுப்பில கயிறு கட்டி, ஒரு சாக்கோட தனிய இறக்கிச்சினம். மேல ஊரே நிண்டுது.

அரை மணித்தியாலம். கயிறு அசைஞ்சுது. முதல்ல சாக்கு வந்துது. எலும்பு. கிழிஞ்ச சாரத்துண்டு. கழுத்தில போடுற செபமாலை ஒண்டு. திரேசம்மா செபமாலையை எடுத்துப் பாத்தா... ஒரு வருசமா வராத அழுகை அப்பதான் வந்துது. எப்பிடி அந்தக் கிணத்துக்குள்ள போனவர், ஓடிப்போய் விழுந்தவரோ, ஆரும் போட்டவையோ, இண்டைவரைக்கும் தெரியாது.

பிறகு அப்புத்துரையைத் தூக்கிச்சினம். கிணத்துக் கட்டில குந்தியிருந்து ஒரு செம்புத் தண்ணியையும் ஒரே மூச்சில குடிச்சார். வாயைத் துடைச்சார். கயிறைச் சுருட்டுற பெடியளைப் பாத்துக் கையைக் காட்டினார்.

"பொறுங்கோ, சுருட்டாதேங்கோ. மற்றவரையும் தூக்கி விடுங்கோ. பாவம் மனுசன்... நான் பொறுக்கப் பொறுக்க, அவர்தான் சாக்கை விரிச்சுப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர்."