ஒரு நாள் முன்னதாகக் கடல் காட்டியவருக்கு

திருத்தணி நல்லாங்குளக்கரை மாலைப் பயிற்சி நிலையத்தின் மேலாளர் உயர்திரு. பொ. கஜபதி அவர்கள் பணி நிறைவு பெறும் 30-6-1974 ஞாயிறு மாலை, நிலையத்தார் அன்புடன் வாசித்தளிக்கும் பாராட்டு மடல்

ஓய்ந்து உட்காராத உழைப்பாளரே! ஓடும் ரயிலுக்கு ஒரு நாளும் பிந்தாதவரே! தறிச் சத்தமும் மோட்டார் பம்பின் சத்தமும் மட்டுமே கேட்டு வளர்ந்த எங்கள் காதுகளில் அலைச் சத்தத்தைப் போட்டு வைத்தவரே! தங்களுக்கு எங்கள் வணக்கம்.

இன்னும் நான்கு விளிகள் எழுதி வைத்திருந்தேன். புகழுரை மூன்றைத் தாண்டினால் தாங்கள் எழுந்து வாசல் பக்கம் போய்விடுவீர்கள் என்று எங்கள் கணக்கு ஆசிரியை சுலோச்சனா டீச்சர் எச்சரித்ததால் அவற்றை விட்டுவிட்டேன். தாங்கள் நாற்காலியில்தான் இருக்கிறீர்களா என்று அவ்வப்போது நிமிர்ந்து பார்த்துக்கொண்டே வாசிப்பேன். சபையோர் பொறுத்தருள வேண்டும்.

பகலில் இந்த நிலையத்தின் எழுத்தராகவும் மாலையில் இதே கூடத்தில் மாணவியாகவும் இருக்கும் மனோரமா ஆகிய என்னிடம் இதை எழுதச் சொன்னார்கள். தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவள் என்பதுதான் காரணம். அது எனக்காக மட்டும் எழுதுவது, இது சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவது என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் காதில் வாங்கவில்லை. ஆகவே வரிசையாகச் சொல்ல முயல்கிறேன்.

கனகம்மாசத்திரத்தில் பயிர் செய்யும் வீட்டில் பிறந்து, இந்த நிலையம் தொடங்கிய 1956 முதல் இன்று வரை அதன் மேலாளராக இருந்தவர் தாங்கள். பள்ளி இறுதித் தேர்வில் தோற்றவர்களும், தறியில் உட்கார்ந்துவிட்டவர்களும், வயதுக்கு வந்ததும் வீட்டில் நிறுத்தப்பட்ட பெண்களும் மாலையில் இங்கே படித்து, ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிக் தேர்வைத் தனியாக எழுதுகிறோம். அதற்கு ஒரு ரயில் பிடித்துச் சென்னைக்கும், அங்கிருந்து ஹௌரா மெயிலில் ஓர் இரவும் அரைப் பகலும் உட்கார்ந்து, அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் கடலோர வால்டேருக்கும் போக வேண்டும். இதைவிடப் பக்கத்தில் தேர்வு மையங்கள் இருந்தன. தாங்கள் அவற்றைக் கேட்கவே இல்லை. ஏனென்று நிலைய முதல்வர் நாகேந்திரன் அவர்கள் பல ஆண்டுகள் கேட்டார். தங்கள் பதில் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.

"பஸ்ல போயி பரீட்ச எழுதிட்டு பஸ்லயே வந்தா, போனதுக்கு அடையாளம் என்னாங்க இருக்கு?"

ஆள் சேர்க்கத் தாங்கள் பள்ளிப்பட்டுத் தறிக் கூடங்களுக்குப் போனபோது பாடத்தைப் பற்றிப் பேசியதாக யாரும் சொல்லவில்லை. "படிப்பு கெடக்கட்டும்ப்பா. ஒரு தபா வந்து பாரு. ரோடு எறங்கிகினே போவும், நேரா கடல்ல போயி முட்டும். கப்பலு வரிசையா நின்னுகினு இருக்கும்" என்றுதான் பேச்சு. தறிக்காரர்கள் விடுவார்களா? "ஏங்க கஜபதி, பசங்கள பரீட்சைக்குக் கூட்டினு போறீங்களா, பீச்சுக்குக் கூட்டினு போறீங்களா?" என்று, அங்கே தறியில் இருந்த பையன் துளசிங்கத்தின் அப்பா எல்லோர் முன்னாலும் கேட்டார். "ரெண்டுக்குந்தாங்க. ஒரே டிக்கெட்டு" என்றீர்கள் தாங்கள். துளசிங்கம் அன்றே பெயர் கொடுத்தான்.

அந்த ஊரைப் பற்றித் தாங்கள் சொன்னது எதுவும் மிகையில்லை என்பதை, சென்ற மார்ச்சில் போய் வந்தவள் என்ற முறையில் இங்கே பதிவு செய்கிறேன். பல்கலைக்கழகம் மேட்டில் இருக்கிறது. தேர்வு முடிந்து வெளியே வந்தால் மரங்களுக்கு நடுவே கீழே கடல் தெரிகிறது. தெற்கே ஒரு மலை தண்ணீருக்குள் மூக்கை நீட்டிப் படுத்திருக்கிறது. அதன் மேல் கலங்கரை விளக்கம். சுற்றிப் பார்க்க வந்தவர்கள் சிம்மாசலம் மலைக்கோயிலுக்குப் போய்விட்டு மாலையில் மணலில் வந்து உட்காருகிறார்கள். அதே மணலில் விடுதி மாணவர்கள் புத்தகத்தோடு உட்காருகிறார்கள். எந்த ஊரிலிருந்தெல்லாமோ வந்தவர்கள். நம் எல்லைத் தெலுங்கைக் கேட்டுச் சிரிக்கிறார்கள், சிரித்துவிட்டு வழியும் காட்டுகிறார்கள். ஒரு பெண் தனியாக உட்கார்ந்து வெகுநேரம் படித்துக்கொண்டிருந்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ யார் வீட்டுப் பெண் என்று அவளை யாரும் வந்து கேட்கவில்லை. இது ஓர் ஊரின் சிறப்பாக எழுதத் தக்கதா என்று தெரியவில்லை. எனக்கு அதுதான் நினைவில் நிற்கிறது. அந்த முறை நான் கணக்கில் தேறவில்லை. "கடலப் பாத்துகினு இருந்தா கணக்கு எங்கடீ வரும்?" என்று டீச்சர் கேட்டது நியாயம்தான்.

தேர்வுக்கு ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேர வேண்டும், அந்த நாளில் மிஞ்சிய பொழுது முழுவதும் கடற்கரைக்கு என்பது தாங்கள் வகுத்த முறை. அது வீண் செலவு என்று நிர்வாகக் குழுவில் ஆண்டுதோறும் பேச்சு எழுந்தது. 1969-க்குப் பிறகு எழவில்லை. அந்தக் கதையைச் சொல்லாமல் இந்த மடல் நிறைவுறாது.

நேர்த்திக்கடனைக் காரியம் முடிந்த பிறகு செலுத்துவதுதான் உலக வழக்கம். அந்த ஆண்டு தாங்கள், "முருகனுக்கு அட்வான்ஸா குடுத்துடுவோம். அப்புறம் அவரு ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லி, ரயிலேறும் நாள் காலையில் பையன்கள் எல்லோரையும் மலைக்கு அழைத்துப்போய் மொட்டை போட வைத்தீர்கள். தாங்களும் போட்டுக்கொண்டீர்கள். சந்தனம் பூசிய தலைகள் பெட்டி நிறையப் போய் வால்டேரில் இறங்கின. இருக்கை எண் பார்க்கப் போன இடத்தில் தேர்வு அதிகாரி அனுமதிச் சீட்டில் ஒட்டியிருந்த படங்களைப் பார்த்தார். படத்தில் எல்லோருக்கும் சுருள் சுருளாக முடி, அரும்பு மீசை. எதிரே ஒன்றும் இல்லை.

"அந்தரு குண்டுலேனா?" என்றார் அவர். எல்லோரும் மொட்டைதானா என்று அர்த்தம். "திருப்பதியா?"

"இல்லீங்க, திருத்தணி" என்றீர்கள் தாங்கள், தலையைத் தடவிக்கொண்டு.

எந்த மலையானால் என்ன, படத்தில் இருப்பவன் எங்கே என்று கேட்டார். துளசிங்கம் முன்னால் போய், "என் காதப் பாருங்க சார். அதே காதுதான் சார்" என்று இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினான். அதிகாரி காதைப் பார்த்து முடிவு செய்ய மறுத்துவிட்டார். புதுப் படம் எடுத்து வந்தால் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்து முத்திரை போடலாம், மறுநாள் காலை மணி அடிக்கும் முன் வர வேண்டும் என்றார்.

தாங்கள் எல்லோரையும் கடற்கரைக்கு அழைத்துப் போனீர்கள். சுற்றுலா வந்தவர்களைப் படமெடுத்துப் பிழைக்கும் ஒருவர் அங்கே முக்காலி கேமராவுடன் நின்றிருந்தார். ஒவ்வொருவனும் தன் தேர்வு எண் எழுதிய அட்டையை நெஞ்சில் பிடித்துக்கொண்டு கடலுக்கு முன்னால் நிற்க, அந்த மனிதர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்து, எந்த ஜெயில் என்று தெலுங்கில் கேட்டார். அன்று மாலைக்குள் படம் கழுவித் தந்தார். மறுநாள் எல்லோரும் தேர்வு எழுதினார்கள். அந்த ஒரு நாள் கையில் இல்லாதிருந்தால் ஒரு வகுப்பே வெளியே நின்றிருக்கும். மொட்டை போட வைத்த பிழை தங்களுடையதுதான். தங்களைப் பாராட்டுவதற்காக அதை நாங்கள் மறைக்கவில்லை.

அன்று காதைக் காட்டிய துளசிங்கம் இப்போது அதே பல்கலைக்கழகத்தில் வேதியியல் முதுகலை படிக்கிறான். விடுமுறைக்கு வந்தால் அவனுக்கு இரண்டாம் நாளே கால் நிலைகொள்ளவில்லை என்று அவன் அப்பா குறைப்பட்டுக்கொள்கிறார். அவனுக்கு மட்டுமா? வால்டேர் போய் வந்த ஒவ்வொருவரும் இந்தக் கூடத்தில் ஜன்னல் பக்கமாகவே உட்காருகிறார்கள். ரயில் போகும் சத்தம் கேட்டால் பேனா நின்றுவிடுகிறது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இந்த மடலையும் நான் ஒரே இடத்தில் உட்கார்ந்து எழுதவில்லை.

அந்த நோய் தங்களுக்குத்தான் முதலில் வந்தது. ஒவ்வொரு தேர்வு முடிந்து திரும்பிய பிறகும் தங்களிடம் யாரும் சில நாள் பேச முடியாது. மேசையில் அமர்வீர்கள், எழுவீர்கள், வெளியே போவீர்கள், ஸ்டேஷனில் இருப்பீர்கள். போன மாதம் வேலைநிறுத்தத்தில் ரயிலே ஓடாத நாட்களில்கூடத் தாங்கள் ஸ்டேஷனுக்குப் போய் வெறும் தண்டவாளத்தைப் பார்த்துவிட்டு வந்ததை ஊரே பார்த்தது.

பணி ஓய்வுக்குப் பின் அந்தக் கடற்கரை ஊரிலேயே குடியிருப்பது என்று தாங்களும் தங்கள் துணைவியார் கௌரியம்மாளும் வீடு பேசி முடித்திருக்கிறீர்கள். செவ்வாய்க்கிழமை பயணம். இனி நான் வாசிக்கப் போவதை எழுதத்தான் எனக்கு அதிக நேரம் ஆயிற்று.

முதல்வர் என்னிடம் இந்தப் பொறுப்பைத் தந்தபோது ஒரு வரியையும் சேர்த்துத் தந்தார். "கடைசில போட்டுடும்மா. செப்டம்பர் பேட்ச்ச மட்டும் கூட்டினு போயி வந்துட்டு அப்புறம் குடிபோகலாம்னு. சபையில கேட்டா அவரு மாட்டேன்னு சொல்ல மாட்டாரு." அது உண்மை. 1970-இல் தாங்கள் வேலையை விட்டு அங்கே குடிபோகக் கிளம்பவிருந்தபோது சரஸ்வதி பூசையன்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டோம், தங்கிவிட்டீர்கள். 1972-இல் ஆண்டு விழாவில் கேட்டோம், அப்போதும் அப்படியே. தங்களை நம்பித்தான் செப்டம்பர் தேர்வுக்குப் பெற்றோர்கள் பெண்களை அனுப்பச் சம்மதித்திருக்கிறார்கள். அந்தப் பெண்களில் நானும் ஒருத்தி. தாங்கள் வரவில்லை என்றால் என் வீட்டில் விடுவார்களா என்பது எனக்கே தெரியாது. ஆகவே அந்த வரியை மனமார எழுதினேன். நன்றாகவும் வந்திருந்தது.

பிறகு, தங்கள் பிறந்த ஆண்டைச் சரிபார்க்க வெள்ளிக்கிழமை தங்கள் வீட்டுக்குப் போனேன். தாங்கள் ஸ்டேஷனுக்குப் போயிருந்தீர்கள். வாசலருகே கயிறு கட்டிய டிரங்குப் பெட்டி இருந்தது.

"அது மேலயே உக்காரும்மா. நாற்காலி எல்லாம் குடுத்தாச்சு" என்றார் கௌரியம்மாள். மடல் எழுதுகிறேன் என்று சொன்னேன். அவர் என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். என்ன எழுதியிருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"எத்தினி தபாம்மா இந்தக் கயித்தக் கட்டறது? ரெண்டு தபா கட்டி ரெண்டு தபா அவுத்தேன். நாலு பேரு முன்னால நீங்க கேட்டுடறீங்க. இந்த மனுசன் பல்லக் காட்டிகினு 'ஆங், சரிங்க'ன்னுடறாரு. அப்புறம் வூட்டுக்குள்ளயே நடந்துகினு இருப்பாரு. சோறு துன்னும்போதுகூட பாதியில எழுந்துடுவாரு. ஒரு தபா நான் பொண்ணுங்களுக்குத் துணையா அந்த ஊருக்கு வந்தேன். அன்னிக்குப் பாத்தேன், மணல்ல உக்காந்தாரு பாரு, நானே போயி தொட்டு எழுப்ப வேண்டியதா போச்சு. இங்க எனக்கு அந்த ஆளு கெடைக்கவே இல்லம்மா. உங்களுக்கு மேனேஜர் வேணும். எனக்கு அவரு வேணாமா?"

பிறந்த ஆண்டைக் கேட்காமலே திரும்பி வந்தேன். அதனால்தான் அது இந்த மடலில் இல்லை.

நேற்று மாலை அலுவலக அறையில் முதல்வரும் டீச்சரும் நானும் பேசினோம். அந்த வரியை எடுத்துவிடலாம் என்று சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்று தெரியாமலேயே சொன்னேன். "அப்ப பசங்கள யாரு கூட்டினு போறது? நீயா?" என்றார் முதல்வர்.

"நான் போறேன் சார்" என்றார் சுலோச்சனா டீச்சர்.

"உங்களுக்கு ரயில்ல தூக்கம் வராதேங்க?"

"கணக்கு நடத்திகினே போறேன். ஒருத்தரும் தூங்கப் போறதில்ல."

முதல்வர் என் பேனாவை வாங்கி அந்த வரியைத் தாமே அடித்தார். "கஜபதி இல்லாம நான் எப்படி ஆள் சேக்கப் போறேன்னு கவலப்பட்டத மட்டும் எழுதிடாதே" என்றார். எழுதிவிட்டேன், அவர் மன்னிக்க வேண்டும்.

ஆகவே, பெருமதிப்புக்குரிய ஐயா! இந்தச் சபையில் நாங்கள் தங்களிடம் எதையும் கேட்கவில்லை. இந்த மடலுக்குப் பிறகு யாரேனும் எழுந்து கேட்டாலும், அது நிலையத்தின் வேண்டுகோள் அன்று. தாங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. அம்மையார் இரண்டாம் வரிசையில் இருக்கிறார். அவரை ஒரு முறை பார்த்தால் போதும்.

தாங்களும் அவரும் உடல் நலிவும் மனக் குறையும் இன்றி நெடுங்காலம் அக்கடலோரம் வாழ, எங்கள் மலையில் இருப்பவன் துணை நிற்கட்டும். செப்டம்பரில் டீச்சரோடு நாங்கள் வருவோம். என் வீட்டில் இன்றிரவு கேட்கப் போகிறேன். விடுவார்கள் என்றுதான் நினைக்கிறேன். எங்களை எதிர்பார்த்துத் தாங்கள் வால்டேர் ஸ்டேஷனில் வந்து நிற்க வேண்டாம். வழி கேட்டுக்கொண்டு நாங்களே தங்கள் வீட்டுக்கு வந்துவிடுவோம்.

என்றும் தங்கள் அன்பில்,
நாகேந்திரன், முதல்வர்
சுலோச்சனா, கணித ஆசிரியை
மனோரமா, எழுத்தரும் மாணவியும்
மற்றும் நிலையத்தார் அனைவரும்