சொன்ன பேச்சு கேட்கும் ஆட்கள்

உச்சிப் பொழுது. திருவான்மியூரைத் தாண்டித் தெற்கே போகிற மணல் சாலை. இரண்டு பக்கமும் சவுக்குத் தோப்பு. அந்த நேரத்தில் அங்கே ஈ காக்கை இருக்காது... மணல் காலைப் பொசுக்கும். காற்று நின்றிருக்கும். சவுக்கு மட்டும் உஸ்... உஸ்... என்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கும்.

ராத்திரியில் கூடி உட்கார்ந்து பேய்க் கதை கேட்கிறோம், இவன் என்ன வெயிலைப் பற்றிப் பேசுகிறான் என்று பார்க்காதீர்கள். இது பகலில்தான் நடந்தது. இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள். நம் தேவராஜுலுவின் பெரிய தாத்தாவுக்கு நடந்தது இது. அவன் இன்றைக்கு வரவில்லை, அதனால் சொல்கிறேன். அவன் காதில் போட்டுவிடாதீர்கள்.

பெரிய தாத்தாவின் பெயர் ரகுபதி. மயிலாப்பூரில் சித்திரக்குளம் பக்கம் மாடி வீடு. மல் வேட்டி, காதில் கடுக்கன், வாயில் எந்நேரமும் ஒரு கிராம்பு. தெருவில் அவரை ‘கான்ட்ராக்டர்’ என்பார்கள். என்ன கான்ட்ராக்ட் என்று யாரும் கேட்டதில்லை. இருபத்தெட்டு, இருபத்தொன்பதாம் வருஷ வாக்கில், கேட்காமல் இருப்பது மரியாதையாக இருந்தது.

அவர் செய்தது ஆள் விற்கிற தொழில். அந்தச் சொல்லை அவர் வாயில் வரவிடமாட்டார். ‘மலைக்கு ஆள் அனுப்புறேன்’ என்பார். ஆனைமலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் போதாத காலம். மழைக் காய்ச்சலில் செத்துக்கொண்டே இருப்பார்கள், புது ஆள் வந்துகொண்டே இருக்கவேண்டும். ரகுபதி, வானம் பொய்த்த ஊராகப் பார்த்துப் போவார். செய்யூர், மரக்காணம்... பசித்த குடும்பத்தின் முன்னால் ஒரு மூட்டை கேழ்வரகை இறக்குவார். கட்டை விரலில் மை தடவுவார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த உடம்பு அவர்களுடையது இல்லை.

படகில் ஏற்றி, பக்கிங்காம் கால்வாய் வழியாக வடக்கே கொண்டுவந்து, பாலவாக்கத்துத் தோப்புக்குள் ஒரு நீளக் கொட்டகையில் அடைத்துப் பூட்டுவார். அங்கே அவருடைய கை வேலை ஆரம்பிக்கும். ஒட்டிய வயிற்றுக்குக் கூழ். சொறி பிடித்த தோலுக்கு வேப்பெண்ணெய். நரைத்த தலைக்கு, சுட்ட கொட்டாங்கச்சிக் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துத் தடவுவார். அறுபது வயதுக் கிழவன் நாற்பது வயதில் எழுந்து நிற்பான். பார்த்து எடுத்துக்கொண்டு போகத் தோட்டத்து ஏஜென்ட் சந்திரமௌலி வருவார். அவரும் மயிலாப்பூர்க்காரர்தான். குடையும் மூக்குக் கண்ணாடியுமாக வந்து, புஜத்தை அமுக்கிப் பார்ப்பார், பல்லைப் பார்ப்பார், போகும்போது மறக்காமல் கை கழுவுவார்.

கைக்குழந்தை மட்டும் மலைக்கு ஆகாது. குழந்தை இடுப்பில் இருந்தால் கொழுந்து பறிக்கிற கை ஒன்று குறையும். அதனால் லாரி ஏற்றும்போது ரகுபதியே குழந்தையைக் கையில் வாங்கிக்கொள்வார். “அழாதம்மா. கொழந்த அடுத்த வண்டில உன் பின்னாலயே வந்துகினு கீது” என்பார். ரொம்ப அன்பாகத்தான் சொல்வார். அடுத்த வண்டி என்று ஒன்று வந்ததே இல்லை. சில குழந்தைகள் பிள்ளையில்லாத வீடுகளுக்குப் போயின. சில, கொட்டகைக்குப் பின்னால் மணலிலேயே தங்கிவிட்டன.

அந்த வருஷம் ஐப்பசியில் அடைமழை. அதற்கு முந்தைய தடவை படகிலிருந்து இரண்டு பேர் குதித்து ஓடியிருந்தார்கள். அதனால் இந்தத் தடவை எல்லோர் கணுக்காலையும் ஒரே கயிற்றில் கோத்துக் கட்டச் சொல்லியிருந்தார் ரகுபதி. முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் வெள்ளம் சுழித்துக்கொண்டு போயிற்று. படகு நடுவில் கவிழ்ந்தது.

படகோடு வந்த அவருடைய மேஸ்திரி மெஹபூப் அலி மட்டும் நீந்திக் கரையேறி, சித்திரக்குளம் வீட்டுக்கு ஓடி வந்தான். உடம்பிலிருந்து தண்ணீர் தரையில் வடிந்துகொண்டிருந்தது.

“நைனா... அல்லாரும் பூட்டாங்க.”

ரகுபதி கிராம்பை இந்தக் கடைவாயிலிருந்து அந்தக் கடைவாய்க்குத் தள்ளினார். “படகு?”

“இன்னா நைனா?”

“படகு கீதா, அதுவும் பூச்சா?”

மெஹபூப் அலி அவரையே பார்த்தான். “கயிறு, நைனா. ஒர்த்தன் முயுக முயுக மத்தவனையும் இஸ்துகினு போறான். அறுக்க முடியல. ஒரு பொம்பள கொழந்தய தலைக்கு மேல தூக்கிப் புட்ச்சிகினே போச்சி...”

“மலைக்குப் பூட்டாங்கன்னு சொல்லு. ஊர்ல யாரு வந்து கேட்டாலும் அதான். மலைக்குப் பூட்டாங்க.”

அதுவரை கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி கோமளம், ஈரத் தரையைத் துடைக்கத் துணி எடுத்து வந்தாள்.

ஆனால் சந்திரமௌலிக்கு நாள் சொல்லியாகிவிட்டது. அவர் லாரியோடு வரப்போகிறார், கொடுக்க ஆள் இல்லை. ஏதாவது சாக்குச் சொல்லிச் சமாளிக்கலாம் என்று, சொன்ன நாளில் ரகுபதி முன்னாலேயே கிளம்பினார். அடையாற்றுப் பாலம் தாண்டித் திருவான்மியூர் வரைக்கும் ஜட்கா. அதற்குமேல் குதிரை மணலில் இழுக்காது. இறங்கி நடந்தார். உச்சி வேளை. நான் சொன்னேனே, அந்தச் சாலை...

கொட்டகைப் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. சாவி அவர் இடுப்பில். பூட்டில் கையை வைத்தபோது உள்ளே ஒரு சத்தம்.

சொட்... சொட்... சொட்...

கூரை ஒழுகுகிறதா? மழை நின்று நாளாயிற்றே... கதவைத் திறந்தார்.

சேற்று வாடை முகத்தில் அடித்தது. அழுகிய பாசி, செத்த நண்டு, உப்பு. கண் இருட்டுக்குப் பழகக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும். முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து. தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கணுக்காலில் கயிறு. நடுவில் பூங்காவனம் என்ற செய்யூர்ப் பெண், மடியில் குழந்தையோடு. ஒருவர் மார்பும் ஏறவில்லை, இறங்கவில்லை.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நானாக இருந்தால் திருவான்மியூர்க் கோயில் வாசலில்தான் போய் விழுந்திருப்பேன். ரகுபதி ஓடவில்லை. கதவைப் பிடித்தபடி நின்றார்... நின்றார்... அப்புறம், தோப்புக்கு அந்தப் பக்கம் தூரத்தில், லாரி உறுமுகிற சத்தம் கேட்டது.

அவர் வேட்டியை மடித்துக் கட்டினார்.

“சொன்ன பேச்சு கேப்பீங்களா?” என்றார்.

குனிந்திருந்த தலைகள் எல்லாம் ஒன்றாக நிமிர்ந்தன.

கயிற்றை அவிழ்த்தார். சாக்கை எடுத்து ஒவ்வொருவராகத் துடைத்தார். தோல், சந்தையில் காலையிலிருந்து கிடக்கிற மீன் மாதிரி, தொட்டால் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. வாயைத் திறக்கச் சொல்லி, உள்ளே அடைத்திருந்த கறுப்பு மணலை விரலால் தோண்டி எடுத்தார். எண்ணெய் தேய்த்தார். நரைத்த தலைகளுக்குக் கரி பூசினார். பூங்காவனத்தின் மடியிலிருந்து குழந்தையை எடுத்தார். அவள் தடுக்கவில்லை, அழவில்லை. குழந்தை ஈரத்துணி மாதிரி அவர் கையில் மடிந்து வந்தது. பழக்க தோஷம்... அவர் அவளிடம் சொன்னார், “அடுத்த வண்டில உன் பின்னாலயே வந்துகினு கீது.”

அதற்கு மட்டும் அவள் கண் அசைந்தது. குழந்தை கதவுக்கு வெளியே போகிறவரை அதன் பின்னாலேயே போயிற்று.

சந்திரமௌலி வந்தார். மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டார். “என்ன ஓய், இப்படி மீன் நாத்தம்?”

“கடலோரம், சாமி.”

“கை ஏன் இப்படிச் சில்லுனு இருக்கு?”

“மழைல வந்தாங்க.”

அவர் அமுக்கிப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், தலையாட்டினார். எல்லோரும் சத்தமில்லாமல் லாரியில் ஏறினார்கள். சக்கரம் மணலில் வழக்கம்போலப் புதையவில்லை என்பதை டிரைவர் மட்டும் கவனித்தான்.

அன்று வீட்டுக்கு வந்து ரகுபதி கோமளத்திடம் எல்லாவற்றையும் சொன்னார். ஒருவரிடமாவது சொல்லவில்லை என்றால் நெஞ்சு வெடித்துவிடும் என்று இருந்தது அவருக்கு. அவர் கை நகக் கண்களில் கறுப்பு மணல் இன்னும் இருந்தது. கோமளம் ஒரு குச்சியை எடுத்து, அவர் விரலைத் தன் மடியில் வைத்துச் சுத்தம் செய்துகொண்டே கேட்டாள்.

“ஒர்த்தர்கூட எதுத்துப் பேசலயா?”

“இல்ல.”

“சோறு கேக்கலயா?”

“இல்ல.”

“அப்ப சரி” என்றாள்.

கார்த்திகை பிறந்து சந்திரமௌலி வீடு தேடி வந்தார். கையில் ஒரு சீப்பு மலைப்பழம். முகமெல்லாம் சிரிப்பு. “ஓய் ரகுபதி, தோட்டத்துத் துரைக்குத் தலைகால் புரியலை. நீர் அனுப்பின ஆளெல்லாம் மழையில நிக்கறா, ஒதுங்கறதில்லை. காய்ச்சல் கிட்டவே வரலை. அட்டை இருக்கே, மலை அட்டை, அது இவா கால்ல ஏறறது... ஏறி, தானா விழுந்துடறது. அரிசி அளக்கப் போனா வாங்க மாட்டேங்கறா. ராத்திரி கூலி லயத்துல விளக்கே ஏத்தறதில்லை. எந்த ஊர் ஆள் ஓய் இவா?”

ரகுபதி பழச் சீப்பை வாங்கி ஊஞ்சலில் வைத்தார்.

“எந்த ஊரா இருந்தா என்ன. இதே மாதிரி இன்னொரு கூட்டம் வேணும். வேற எதுவும் எனக்கு வேண்டாம். இதே மாதிரி.”

குளத்தில் யாரோ துணி துவைக்கிற சத்தம் கேட்டது. ரகுபதி மெதுவாக, “மார்கழில ஏற்பாடு பண்றேன், சாமி” என்றார்.

மெஹபூப் அலியைக் கூப்பிட்டார். மரக்காணத்தில் புதுக் கூட்டம் தயாராக இருந்தது. பெண்கள், கிழவர்கள், ஒரு கர்ப்பிணி.

“முட்டுக்காட்டாண்ட தண்ணி இன்னும் ஜாஸ்தியாதான் கீது, நைனா. கால கட்டவேணாம்.”

“கட்டு.”

“நைனா...”

“அடிப் பலகைல ஒரு துண்ட லூசா வெச்சிரு. நட்ட நடுவுல புடுங்கிட்டு நீ நீஞ்சி வந்துரு. உனுக்குத்தான் நீச்சல் தெரியுமே.”

மெஹபூப் அலிக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் வாசற்படியில் காறித் துப்பிவிட்டு இறங்கிப் போனான். அன்றே பெண்டாட்டி சகினாவைக் கூட்டிக்கொண்டு வேலூர்ப் பக்கம் போய்விட்டான். பட்டணத்துக்கு அவன் திரும்பவே இல்லை.

ரகுபதி தானே போனார். பலகையைத் தானே தயார் செய்தார். தள்ளுகோல் போட எல்லப்பன் என்று ஒரு ஓடக்காரன். அவனுக்கு ஒன்றும் தெரியாது. இதன் பிறகு படகில் நடந்தது எல்லப்பன் சொன்னது.

முட்டுக்காடு. நடுக் கழிமுகம். நேரம் உச்சி. ரகுபதி எழுந்தார். கோத்துக் கட்டியிருந்த சனங்களைத் தாண்டிப் போய், குனிந்து பலகையைப் பிடுங்கினார். பிடுங்கிய கையோடு, நீந்திக் கரையேறலாம் என்று தண்ணீரில் குதித்தார்.

படகில் ஓர் ஆள் நுழைகிற ஓட்டை. எல்லப்பன் அலறிக்கொண்டு தள்ளுகோலை விட்டான்... தண்ணீர் வரவில்லை. ஒரு சொட்டு வரவில்லை. எட்டிப் பார்த்தான். ஓட்டைக்கு அடியில் கைகள். நிறையக் கைகள். கீழேயிருந்து உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்து, ஒரு விரல் இடுக்கு இல்லாமல், அடைத்துப் பிடித்துக்கொண்டிருந்தன.

படகு தானாகக் கரைக்குப் போயிற்று. கயிற்றை அறுத்துவிட்டான் எல்லப்பன். சனங்கள் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் தெற்கே ஊரைப் பார்த்து நடந்தார்கள். ரகுபதி குதித்த இடத்தில் தண்ணீர் ஆடவில்லை. ஒரு குமிழி கூட வரவில்லை.

சொன்ன நாளில் சந்திரமௌலி பாலவாக்கத்துக்குப் போனார். கொட்டகை திறந்து கிடந்தது. உள்ளே ஒரே ஒருவர். சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு. உடம்பில் எண்ணெய், தலையில் புதுசாகக் கரி. காதில் கடுக்கன்.

சந்திரமௌலி வாசலிலேயே ரொம்ப நேரம் நின்றார். வெறுங்கையோடு போனால் துரை என்ன சொல்வார் என்று நினைத்தாரோ என்னவோ... குடையை மடக்கினார். கிட்டே போய்ப் புஜத்தை அமுக்கினார். வாயைத் திறக்கச் சொன்னார். திறந்தது.

“லாரியில ஏறும், ஓய்” என்றார்.

தை மாசம் அவர் சித்திரக்குளம் வீட்டுக்கு வந்தார். ஊஞ்சலில் உட்காரவில்லை. நின்றுகொண்டே, “உங்காத்துக்காரர் மலையில இருக்கார்ம்மா” என்றார்.

கோமளம் அவர் முகத்தைப் பார்த்தாள். எப்படி, ஏன், எப்போது வருவார் என்று எதுவும் கேட்கவில்லை. உள்ளே போய்க் காப்பி கலந்து கொண்டுவந்து வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“நல்லா வேல செய்றாரா?”

“செய்யறார். தூங்கறதே இல்லை.”

“சரி” என்றாள். “மாசில படகு வரும். துரையாண்ட சொல்லிடுங்க.”