டிரம்ஸுக்குக் கீழே மெத்தை

தமிழ்வாணி: டிரம்ஸச் சுத்தி வச்ச கண்ணாடி இருக்கட்டும்ணே. அந்த மெத்தைய மட்டும் எடுத்துருங்க.

சிவபாண்டி: என்னாது?

தமிழ்வாணி: மெத்தை. உங்க டிரம்ஸுக்குக் கீழ கெட்டியா விரிச்சிருக்கீகள்ல, அது.

சிவபாண்டி: ஒத்திகை முடிஞ்சதும் மூஞ்சியத் தூக்கிட்டு வந்தியா, கண்ணாடியக் கழட்டச் சொல்லப்போறன்னு நெனச்சேன்.

ராம்கி: அக்கா, ரெண்டும் சேந்தாத்தான் வேலைக்காகும். கண்ணாடி முன்னால போற சத்தத்த மறிக்கும். மெத்தை, மேடைப் பலகை வழியா போற அதிர்வ மறிக்கும். மைக்செட்காரன் சொன்னாக் கேளுங்க.

தமிழ்வாணி: அந்த அதிர்வு ஒன்னைய என்னா பண்ணுச்சு?

ராம்கி: என்னைய ஒண்ணும் பண்ணல. உங்க மைக்குல ஏறுது. போன மாசம் செல்லூர் கச்சேரியில என்னா சொன்னாக? 'பாட்டுக்காரம்மாவுக்கு வாய் அசையுது, அண்ணன் தட்டுச் சத்தந்தான் கேக்குது'ன்னாகளா இல்லையா?

சிவபாண்டி: சொன்னாக. அதுக்குத்தான் கண்ணாடி.

தமிழ்வாணி: இது என்ன கண்ணாடி... 'இடைவெளி விட்டு நிற்கவும்'னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு?

சிவபாண்டி: கொரோனா சமயத்துல ஜவுளிக்கடை கல்லாவுல வச்சிருந்தது. சிம்மக்கல்லுல பழைய சாமான் கடையில கெடந்துச்சு. அஞ்சு துண்டு. கீல் போட்டு நானே மாட்டுனேன்.

ராம்கி: இன்னைக்கு அண்ணன் உள்ள உக்காந்தா, ஜனம் வரிசையில நின்னு பில்லு போடச் சொல்லும்.

சிவபாண்டி: வாய மூடு மாப்ள.

ராம்கி: ஆனா ஒண்ணுண்ணே. இம்புட்டு மேடை பாத்துட்டேன், தானா கூண்டுக்குள்ள போன டிரம்ஸ்காரன் நீங்க ஒருத்தர்தான். 'சத்தத்தக் கொறைங்க'ன்னா குச்சியத் தூக்கி எறியிற ஆளு.

சிவபாண்டி: என்னாது?

ராம்கி: ஒண்ணுமில்லண்ணே.

தமிழ்வாணி: அண்ணே, மெத்தை...

சிவபாண்டி: அதென்னத்தா மெத்தை மெத்தைன்னு? மொதல்ல இதச் சொல்லு. ரெண்டாவது பாட்டுல தாளம் விட்டியே, ஏன்?

தமிழ்வாணி: தொண்டை சரியில்ல.

சிவபாண்டி: தொண்டைக்கும் தாளத்துக்கும் என்னா சம்பந்தம்? பதினோரு வருஷமா எங்கூடப் பாடுற. ஒருநா நீ தாளம் விட்டு நான் பாத்ததில்ல.

ராம்கி: ஆமாக்கா. அண்ணன் கைய ஓங்கும்போதே நீங்க பாட்ட எடுத்துட்டீக. எனக்கே பக்குனு ஆயிருச்சு.

தமிழ்வாணி: கோரஸ் பாடுற முத்துமீனாவ முன்னால நிப்பாட்டணும்னா நேராச் சொல்லிருங்கண்ணே. குழு உங்களது. அந்தப் புள்ளையும் நல்லாத்தான் பாடுது. அதுக்கு இம்புட்டு வேல எதுக்கு?

சிவபாண்டி: ஏய்... என்னா பேச்சு பேசுற நீ?

தமிழ்வாணி: பெறகு என்ன. ஆறு மணிக்குக் கச்சேரி. மெத்தை கெடந்தா நான் மேடையேற மாட்டேன்.

சிவபாண்டி: ...மாப்ள, போயி டீ வாங்கிட்டு வா.

ராம்கி: மூணாண்ணே?

சிவபாண்டி: என்னாது?

ராம்கி: மூணு டீயான்னு கேட்டேன்.

சிவபாண்டி: எத்தனையாச்சும் வாங்கு. மெதுவா வா.

ராம்கி: சரி சரி. வாரேன்.

சிவபாண்டி: போயிட்டான். இப்பச் சொல்லு வாணி.

தமிழ்வாணி: சொன்னா வேலைக்கு வச்சுக்கிருவீகளா?

சிவபாண்டி: சொல்லுத்தா.

தமிழ்வாணி: சொல்ல வேணாம், காட்டுறேன். இந்த ஓரத்தப் பிடிங்க, மெத்தைய வெளிய இழுப்போம்... ம். இப்ப உள்ள போயி உக்காருங்க. நான் திரும்பி நிக்கிறேன். கால் டிரம்ம மிதிங்க. எத்தனைன்னு சொல்றேன்.

சிவபாண்டி: மிதிச்சாச்சு.

தமிழ்வாணி: நாலு. கடைசி ஒண்ணு மெதுவா.

சிவபாண்டி: சரிதான். இதுல என்னா இருக்கு?

தமிழ்வாணி: இப்ப அந்தச் சின்னப் பித்தளைத் தட்டுல குச்சிய வச்சு அடிங்க... என்னண்ணே, அடிங்க.

சிவபாண்டி: ...

தமிழ்வாணி: அண்ணே?

சிவபாண்டி: அடிச்சேன் வாணி.

தமிழ்வாணி: எப்ப?

சிவபாண்டி: இந்நேரம் வரைக்கும். பத்துப் பன்னெண்டு தடவ அடிச்சேன்.

தமிழ்வாணி: ...அம்புட்டுத்தான்ணே. இதத்தான் காட்டணும்னு நெனச்சேன்.

சிவபாண்டி: என் பேச்சு மட்டும் கேக்குதா?

தமிழ்வாணி: உங்க தடிச்ச கொரல் கேக்கும். கீச்சுன்னு இருக்கிற எதுவும் கேக்காது. தட்டு கேக்காது, கொலுசு கேக்காது. வீட்டுல குக்கர் விசில் அடிச்சா எம்மக வந்து அமத்துறா. எடது காது மொத்தமாப் போச்சு. கீபோர்டு சுருதிய, வலது காதுல முடிக்குள்ள மறைச்சு மாட்டுற மெஷின் வழியாப் பிடிச்சுக்கிருவேன். தாளத்துக்கு...

சிவபாண்டி: காலா?

தமிழ்வாணி: நீங்க மிதிக்கிறது பலகையில ஏறி உள்ளங்காலுக்கு வரும். அத வச்சுத்தான் பாடுறேன்.

சிவபாண்டி: அப்ப மேடையில செருப்புப் போட மாட்டேன்னது...

தமிழ்வாணி: பக்தின்னு நீங்களாத்தான் சொன்னீக. 'செருப்பணியாத பாட்டரசி'ன்னு போஸ்டரே அடிச்சீக. நானும் சரின்னு விட்டுட்டேன்.

சிவபாண்டி: ஐயோ... இம்புட்டுன்னு நான் நெனைக்கல வாணி. எம்புட்டு நாளா?

தமிழ்வாணி: மூணு வருஷம் இருக்கும். உங்க பெரிய தட்டு எங்காதுக்கு நேராத்தான இருக்கும்.

சிவபாண்டி: என் கையாலயே அடிச்சு உங்காதக் கெடுத்துட்டேனே.

தமிழ்வாணி: உங்கள ஒண்ணும் சொல்லலண்ணே. தட்டுக்குப் பக்கத்துல நின்னு பாடுனது நான்தான. ஆனா வெளிய தெரிஞ்சா ஒரு கமிட்டியும் கூப்பிடாது. பாட்ட விட்டா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. பயமா இருக்குண்ணே.

சிவபாண்டி: மெத்தை இனிமே இந்த மேடைக்கு வராது. போதுமா?

தமிழ்வாணி: ராம்கி கேட்டா?

சிவபாண்டி: ஸ்டூல் வழுக்குது, வேணாம்னு சொல்றேன். உங்காலுக்கு அதிர்வு வரட்டும். கண்ணாடி மட்டும் நிக்கட்டும். மிச்சமிருக்கிற காதாவது தங்கட்டும்னுதான அத மாட்டுனதே.

தமிழ்வாணி: ...என்ன சொன்னீக?

சிவபாண்டி: ஒண்ணுமில்ல. டீ வருதான்னு பாரு.

தமிழ்வாணி: செல்லூர்ல கொறை சொன்னதுக்காகன்னுல்ல சொன்னீக. இப்ப எங்காதுக்குங்கிறீக. கண்ணாடிய நேத்தே மாட்டிட்டீக. நான் இப்பத்தான சொல்றேன்.

சிவபாண்டி: விடு வாணி.

தமிழ்வாணி: விட முடியாது. டாக்டர்ட்ட போனது எங்க வீட்டுக்கே தெரியாது. யார் சொன்னா உங்களுக்கு?

சிவபாண்டி: யாரும் சொல்லல. திருநகர் ஆஸ்பத்திரியில அந்த நர்ஸ் புள்ள கீச்சுக் கொரல்ல 'தமிழ்வாணி, தமிழ்வாணி'ன்னு மூணு தடவ கூப்பிட்டுச்சு. நீ செல்ல நோண்டிக்கிட்டு இருந்த. பக்கத்துல இருந்த அம்மா தோளத் தொட்டுச் சொல்லித்தான் எந்திரிச்ச.

தமிழ்வாணி: நீங்க... காது ஆஸ்பத்திரியில உங்களுக்கு என்னண்ணே வேல?

சிவபாண்டி: மாஸ்க்கப் போட்டுக்கிட்டுப் பின்னாடி பெஞ்சுல இருந்தேன். நீ டோக்கன் பதினாறு. நான் பதினேழு.