தையல்காரர் கதைக்கு வந்த திருத்தங்கள்

யாராவது குறை சொன்னால் நான் கோபப்படுவதில்லை. என்னோடு வேலை செய்த யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். சித்திரக்கதை வரைகிறவர்களில் பாதிப் பேருக்கு மூக்கின் மேல் கோபம். முகத்தை மாற்றச் சொன்னால் தங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். நான் ரப்பரை எடுத்துவிடுவேன். என் மனைவிக்கு இது பெரிய வேடிக்கை. "உன்னை யாராவது கழுவிக் கழுவி ஊத்தினாக்கூட, 'நல்ல கருத்து, சேத்துக்கறேன்'னு சொல்லுவே" என்பாள்.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன்.

என் மனைவி ராப் பாடுகிறவள். மேடைப் பெயர் ஊசி. ஒரு போட்டிக்கு நான் சுவரொட்டி வரைந்திருந்தேன். மேடையேறியதும் அவள் முதலில் சொன்னது என்னைத்தான்: "போஸ்டர் போட்ட புண்ணியவானே, என் மூக்கு என்னைவிட முன்னாடி மேடைக்கு வந்துடுச்சு." கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் மறுநாளே மூக்கைத் திருத்திக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்படித்தான் பழக்கம்.

அவளுடைய அண்ணன் தொலைக்காட்சித் தொடர் எழுதுகிறவர். துப்பறியும் தொடர். எழுதுகிறவர்களுக்கு அவர்தான் தலைவர். மாடியில் எழுத்து அறை, கீழே பாட்டுப் பதிவு செய்யும் சின்ன அறை. எனக்கு மச்சான். எனக்கு முதல் வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். நல்ல மனிதர் என்பதை நான் மறுக்கவில்லை.

தொடரின் முகப்புப் பாட்டை அவள்தான் பாடினாள். காலையில் ஆரம்பித்த பதிவு. ஒவ்வொரு தடவையும் அவர், "ஒண்ணே ஒண்ணு, கடைசியா ஒண்ணு" என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். சாயங்காலம் அவள் ஸ்கூட்டரில் கிளம்பினாள். திருப்பத்தில் லாரி. அவள் பிரேக் பிடிக்கவே இல்லை, கண் அசந்திருக்க வேண்டும் என்று லாரி ஓட்டியவர் சொன்னார். நான் வீட்டில் வேலையில் இருந்தேன். ஆஸ்பத்திரியில் முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்லச் சொன்னார்கள். முகம் இல்லை. கட்டைவிரல் மோதிரத்தைப் பார்த்துச் சொன்னேன்.

அவளைக் கொன்றது மச்சான் என்பது எனக்கு அங்கேயே தெளிவாகிவிட்டது. அதில் கோபமோ ஆவேசமோ இல்லை. ஒரு படத்தில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று முடிவு செய்வதைப் போன்றது. முடிவு செய்துவிட்டால் பிறகு நிழல்கள் தாமாக விழும்.

நான் எதையும் மறைத்துச் செய்யவில்லை. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். செய்யப்போவதை முதலில் வரைந்தேன். ஒரு தையல்காரர். அவர் மனைவி துணி ஆலையில் வேலை செய்கிறாள். மேற்பார்வையாளன் அவளை ஓய்வில்லாமல் வேலை வாங்குகிறான். களைத்துப்போய் வீடு திரும்பும் வழியில் வண்டி மோதிச் சாகிறாள். தையல்காரர் அவனைச் சுட்டுக் கொல்கிறார். பத்திரிகை ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அழுதார். படித்து முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எறக்கி வெச்சுட்டீங்க. இனிமே நீங்க தூங்குவீங்க" என்றார்.

எங்கள் தொழிலில் இப்படி ஒரு நம்பிக்கை உண்டு. தாளில் இறக்கி வைத்தால் நெஞ்சிலிருந்து இறங்கிவிடும் என்று. யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டதும் அவர் குறை சொன்னார். "தையல்காரனுக்குத் துப்பாக்கி ஏதுப்பா? கைல என்ன இருக்கோ அதால கொல்லணும். இஸ்திரிப் பெட்டி இல்லையா அவன்கிட்ட?"

சரியான கருத்து. மாற்றினேன். எனக்கும் துப்பாக்கி வாங்குகிற வழி தெரியாமல்தான் இருந்தது.

கதை வெளிவந்ததும் டமாரம் வந்தான். அவளுடைய பாட்டுகளுக்கெல்லாம் பீட் போட்டவன், மச்சானின் பதிவு அறையைப் பார்த்துக்கொள்கிறவனும் அவன்தான். பெயர்தான் டமாரம், பேசினால் பக்கத்தில் இருப்பவனுக்கே கேட்காது. தையல்காரர் கதையை ராப் பாட்டாக்கலாம் என்றான். நான் வரிகள் எழுதினேன். பெட்டி இறங்கும் இடத்தில் இடி மாதிரி ஒரு சத்தம் வேண்டும் என்றேன்.

"அடி விழற எடத்துல சத்தம் போடாதடா. சும்மா விட்டுடு. கேக்கறவன் மண்டைக்குள்ள அவனே போட்டுக்குவான்."

"சரி. இந்த ரூம்ல ஒருத்தன் கத்தினா வெளிய கேக்குமா?"

"உள்ள பாம் போட்டாலும் மேல ஒக்காந்து டீதான் குடிச்சிட்டிருப்பாங்க" என்றான். பெருமையாகச் சொன்னான். ரப்பர் பட்டை ஒட்டிய இரட்டைக் கதவைத் திறந்து மூடிக் காட்டினான். எதற்குக் கேட்கிறேன் என்று கேட்கவில்லை. எங்கள் வேலையில் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. நம்பும்படி இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள்.

பிறகு ஒரு சினிமாவுக்குச் சண்டைக் காட்சிகளைக் கட்டம் கட்டமாக வரைந்து கொடுக்கும் வேலை. அங்கே சண்டைப் பயிற்சியாளர் ஒருவர். நான் வரைந்த அடியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "உச்சந்தலைல அடிச்சா வழுக்கிட்டுப் போயிடும் சார். இங்க. காதுக்கு மேல, கொஞ்சம் முன்னாடி." என் தலையைச் சாய்த்துத் தன் விரல் மடிப்பால் அந்த இடத்தை இரண்டு முறை தட்டிக் காட்டினார். மென்மையான ஆள். வலித்ததா என்று கேட்டார்.

கடைசியாகத் தொலைக்காட்சி. தையல்காரர் கதையைத் தொடரில் சேர்க்கலாம் என்று மச்சானே சொன்னார். "அவ பேர்ல அர்ப்பணம்னு போடலாம் மாப்ள" என்றார். நான் முதல் பிரதி எழுதிக் கொடுத்தேன். மாடியில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து சத்தமாக வாசித்தார்கள். கொலையைத் தையல் கடையிலிருந்து துணி ஆலையின் சரக்கு அறைக்கு மாற்றச் சொன்னார்கள். தெருவைப் பார்த்த கடையில் எவன் கொலை செய்வான், சத்தம் வெளியே போகாத அறை வேண்டும் என்றார்கள். மதியச் சாப்பாட்டு நேரம்தான் நல்லது, எல்லோரும் போயிருப்பார்கள் என்றார்கள். ஆளுக்கொன்று சொன்னார்கள். மேசையில் தேநீர்க் குவளைகள் காய்ந்துகொண்டிருந்தன. அந்த அறையில் இருந்தவர்கள் எல்லோரும் என் மனைவியின் சவப்பெட்டியைத் தூக்கியவர்கள்.

அவர்களில் சீரியல் அக்காவின் கருத்துதான் சிறந்தது. குடும்பத் தொடர்கள் எழுதித் தலை நரைத்தவர். "தம்பி, நான் இந்தக் கையால எத்தனை மாமியாரைக் கொன்னிருக்கேன் தெரியுமா? ஒருத்தியும் ஒரே அடில செத்ததில்ல. உங்க ஆளு என்னன்னா அடி வாங்கினதும் 'என்னை மன்னிச்சிடு'ன்னு வசனம் பேசறான். யாரு பேசுவா? நெஜத்துல எழுந்து ஒக்காருவான். என்ன நடந்துச்சுன்னே அவனுக்குப் புரியாது. சும்மா ஏதாவது கேப்பான். செருப்பு எங்கன்னு கேப்பான்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் குறித்துக்கொண்டேன்.

மச்சான் தன் கருத்தைக் கடைசிக்கு வைத்திருந்தார். எல்லோரும் போன பிறகு என்னை உட்காரச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே பேசினார்.

"எல்லாம் நல்லா வந்திருக்கு மாப்ள. ஒரு எடம்தான் இடிக்குது. அந்தப் பொண்ணு வேலை முடிச்சிட்டுப் புருஷனைக் கூப்பிட்டிருப்பா இல்ல? அவ்ளோ களைப்பு. அவன் ஏன் போகல?"

"கதைல அவ கூப்பிடலை மச்சான்."

"கூப்பிட்டிருப்பா." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அவ உனக்குப் போன் பண்ணினப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். கண்ணு சொருகுது, வந்து கூட்டிட்டுப் போன்னா. நீ வர்றேன்னு சொன்னே. அதான் நான் அவளை வாசல்ல விட்டுட்டு மேல போயிட்டேன். நான் கொண்டுபோய் விட்டிருக்கணும். அதை நெனைச்சா எனக்குத் தூக்கமே வர்றதில்ல. உன்னைப் பத்தி நான் யார்கிட்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். ஆனா கதைக்கு அது வேணும் மாப்ள. அதை எழுதினாத்தான் நீயும் எந்திரிச்சு நடமாடுவே. இல்லன்னா பாக்கறவங்க கேப்பாங்க, புருஷன் எங்க போனான்னு."

"பாக்கறேன் மச்சான்" என்றேன்.

அதுவரை நான் நாள் எதுவும் முடிவு செய்திருக்கவில்லை. மறுநாளே என்று முடிவு செய்தேன். இரண்டுக்கும் தொடர்பு இல்லை.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அவள் பாடி, முகப்புப் பாட்டில் சேர்க்காமல் விட்ட பதிவு ஒன்று இருக்கிறது, கேட்கிறீர்களா என்றேன். உடனே எழுந்து வந்தார். பதிவு அறையில் அவள் நிற்கும் இடத்தில் நின்றார். ஹெட்போனை மாட்டிக்கொண்டார். நான் ஓட விட்டேன். முதல் வரிக்கு முன்னால் அவள் மூச்சு இழுக்கும் சத்தம் உண்டு. அதைக் கேட்டதுமே அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றிப் பாட்டுத் தாள் வைக்கும் பலகையில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். நான் இரட்டைக் கதவைச் சாத்தினேன்.

மைக் நிற்கும் தண்டைக் கழற்றினால் அடியில் வட்டமான இரும்புத் தட்டு வரும். இஸ்திரிப் பெட்டியின் கனம்தான் இருக்கும். காலையிலேயே திருகைத் தளர்த்தி வைத்திருந்தேன். ஹெட்போனின் வளையம் தடுக்கும் என்பதால் ஒரு கையால் அதை மெல்லத் தள்ளினேன். நான் தோளைத் தொட வருகிறேன் என்று நினைத்திருப்பார், என் பக்கம் சாய்ந்து கொடுத்தார். காதுக்கு மேல், கொஞ்சம் முன்னால். சண்டைப் பயிற்சியாளர் சொன்னது சரி.

டமாரம் சொன்னதும் சரி. சத்தமே இல்லை. பஞ்சு ஒட்டிய சுவரில் மோதி, சட்டை கழன்று விழுவது போல விழுந்தார்.

பிறகு எழுந்து முழங்காலில் உட்கார்ந்தார். தரையைத் தடவினார். "மாப்ள, கண்ணாடி எங்க? கீழ விழுந்துடுச்சா?" என்றார். வழக்கமான குரல். நான் பலகையிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தேன். வாங்கி மாட்டிக்கொள்ளப் பார்த்தார். இந்தப் பக்கம் மாட்டியது. அந்தப் பக்கம் மாட்டுவதற்குக் காது இருந்த இடத்தில் எதுவும் பிடிப்பாக இல்லை. விரலை வைத்துத் தேடினார். விரல் உள்ளே போனது. அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

அதன் பிறகு அடித்ததை நான் எண்ணவில்லை. முகம் முகமாக இல்லாமல் போகும் வரை அடித்தேன். என் மனைவிக்கு இருந்தது போல இருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஓரளவு வந்தது. கீழே கிடந்த ஹெட்போனில் அவள் பாடிக்கொண்டே இருந்தாள். தூரத்தில் கொசு கத்துவது போலக் கேட்டது.

கை கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு மாடிக்குப் போனேன். சூடு ஆறுவதற்குள் காட்சியைத் திருத்தினேன். மன்னிப்பு வசனத்தை எடுத்துவிட்டுக் கண்ணாடியை வைத்தேன். எல்லோருக்கும் அனுப்பினேன். சீரியல் அக்கா சாப்பிட்டுக்கொண்டே பதில் போட்டார்: "தம்பி, கண்ணாடியை எடுத்துக் குடுக்கறான் பாருங்க, அங்க எனக்கு ஒடம்பு சிலிர்த்துடுச்சு. எங்கேந்து புடிச்சீங்க இதை?"

"தானா வந்துச்சு அக்கா" என்று அனுப்பினேன்.

டமாரம்தான் முதலில் கதவைத் திறந்தான். அவன் சிரித்தது எனக்கு மாடி வரை கேட்டது. "யாருடா மேக்கப்பு? பின்னியிருக்கான்" என்று, அவனுக்கு வழக்கமில்லாத உரத்த குரலில் கேட்டான். அந்தக் கட்டிடத்தில் இரத்தம் என்றால் எல்லோருக்கும் மேக்கப்தான். குனிந்து தொட்டுப் பார்த்திருக்கிறான். பிறகு அவன் குரல் கேட்கவில்லை. நான் கீழே வந்து அவனை நாற்காலியில் உட்கார வைத்தேன். ஸ்டேஷனுக்குப் போன் போட்டு உங்களைக் கூப்பிட்டது நான்தான்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். செய்தது நான். என் மனைவியைக் கொன்றவரை நான் கொன்றேன். வந்த கருத்துகளை எல்லாம் சேர்த்துக்கொண்டேன், ஒன்றைத் தவிர.

அந்த ஒன்றைப் பற்றியும் யோசிக்காமல் இல்லை. அவள் கூப்பிட்டபோது நான் ஒரு பெண்ணின் முகத்துக்கு மை போட்டுக்கொண்டிருந்தேன். கன்னத்தின் கோடு பாதியில் இருந்தது. பிரஷ் கோட்டை நடுவில் நிறுத்திவிட்டுத் திரும்ப வந்து தொடர்ந்தால் ஒட்டு தெரியும். வரைகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்து வைத்தேன். கன்னம் முடிந்ததும் கழுத்து இருந்தது. கழுத்துக்குப் பிறகு கூந்தல். அந்தப் பக்கம் நன்றாகவே வந்தது. ஒட்டு எங்கே என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

பார்க்கிறவர்கள் கேட்பார்கள் என்று மச்சான் சொன்னார். பத்திரிகை ஆசிரியர் கேட்கவில்லை. டமாரம் கேட்கவில்லை. மாடியில் அத்தனை பேர் இருந்தார்கள், ஒருவரும் கேட்கவில்லை. இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள், நீங்களும் கேட்கவில்லை. அவர் ஒருவருக்குத்தான் அது குறையாகப் பட்டது. அதனால் கதையில் அந்த இடத்தை நான் தொடவில்லை.